சங்கிலிக்குள் ஒரு சுமைதாங்கி

பழைய மெட்ராஸ் ரோட்டில், ஜோகுபாளையம் திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சுமைதாங்கி இருக்கிறது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்தது. என் தோளுக்கு வரும். தலையில் சுமையோடு வருகிறவர்கள் அதன்மேல் இறக்கி வைக்கலாம். தரையில் இறக்கினால் மறுபடி தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். இதில் இறக்கினால் வேண்டாம். கொஞ்சம் குனிந்து, தலையைக் கொடுத்து, நிமிர்ந்தால் கூடை ஏறிவிடும். அதற்காகத்தான் அந்தக் காலத்தில் நட்டார்கள்.

நான் கீரை விற்கிறேன். ஹொஸ்கோட்டே பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விடிந்ததும் டெம்போ வரும். டெம்போக்காரன் கூடையைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விடுவான். நனைந்த கீரை. பாலக்கும் கொத்தமல்லியும் பரவாயில்லை. தண்டுக்கீரை கனக்கும். பஸ் ஸ்டாப்பிலிருந்து சுமைதாங்கி வரைக்கும் ஏற்றம். அங்கே இறக்கி, கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பி, அழுகலைக் கிள்ளிப் போட்டு, தண்ணீர் தெளித்து, சும்மாட்டை உதறிச் சுற்றி மறுபடி ஏற்றிக்கொண்டு சந்துக்குள் போவேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து இப்படித்தான்.

வீட்டு வாசலில் வாங்குகிறவர்கள் கை கொடுத்து இறக்குவார்கள். அது வேறு. வாங்குகிறவள் கை கொடுத்தால் அது வியாபாரம். ரோட்டில் போகிறவனை நிறுத்திக் கை கேட்டால் அது வேறு மாதிரி. எனக்கு அது வராது. வீட்டுக்காரர் இருந்தபோதே வராது. அவர் போன பிறகு சுத்தமாக வராது.

தள்ளுவண்டி ஏன் வாங்கவில்லை என்று எல்லாரும் கேட்பார்கள். வாங்கினேன். எங்கள் சந்துகளில் பாதி படி, மீதி ஸ்கூட்டர். வண்டி மெயின் ரோட்டில் நின்றது, டிராபிக் போலீஸ் வந்து எடு எடு என்றான். எடுத்துவிட்டேன். தலைதான் எந்தச் சந்துக்கும் போகும்.

அந்தக் கல்லைப் பற்றி இங்கே சொல்வது ஒன்றுதான். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி செத்துப் போனாள். இறக்கி வைக்காமலே போய்விட்டாள் என்று அவள் வீட்டார் இதை நட்டார்கள். வழியில் போகிறவர்கள் சுமையை இறக்கினால் அவளுக்கும் கொஞ்சம் இறங்கும் என்று. அவள் பேர் யாருக்கும் தெரியாது. யாரும் கும்பிட்டதில்லை. கூடையை எடுக்கும்போது நான் கல்லை ஒரு தட்டு தட்டுவேன். வண்டி மாட்டைத் தட்டுவது போல. அவ்வளவுதான்.

கல்லுக்குப் பக்கத்தில் ஆட்டோ ஸ்டாண்ட். அங்கே ஓர் அண்ணன் இருக்கிறார். என்னைவிட வயதில் பெரியவர். ஊரில் எது நடந்தாலும் அவருக்கு முதலில் தெரியும். அவர்தான் ஒரு நாள் சொன்னார்.

"ரோடு வருதும்மா."

"இது இன்னா அப்ப?"

"இதேதான். இதையே மறுபடியும் போடப்போறாங்க. பாரின் காசு. அந்தக் காலத்துல ராஜாங்க வியாபாரம் பண்ண ரோடாம். கப்பல்ல வந்த சரக்கெல்லாம் மெட்ராஸ்லேர்ந்து இந்த வழியாத்தான் ஏறி வந்துச்சாம். அத்த மறுபடியும் பெருசா பண்றாங்களாம்."

"பண்ணட்டும்."

"பண்ணட்டும்னு சொல்லிக்கினு போற. கல்லப் பாத்தியா?"

பார்த்தேன். படுக்கைக் கல்லின் ஓரத்தில் சிவப்பு பெயிண்டில் ஒரு அடையாளம். அளக்க வந்தவர்கள் போட்டது. அதே அடையாளம் டீக்கடைச் சுவரிலும் இருந்தது. இரண்டு மரத்திலும் இருந்தது. சிவப்பு போட்டால் எடுத்துவிடுவார்கள் என்று ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள்.

"கல்லு இருக்கணும் அண்ணா" என்றேன். அதற்கு மேல் நான் பேசவில்லை. அதுவே எனக்கு அதிகம்.

"நீ போ. நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

பார்த்துக்கொண்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை கூடையோடு ஏறி வந்தால் கல் மஞ்சளாக நிற்கிறது. மூன்று கல்லுக்கும் மஞ்சள் பூசி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழ மாலை போட்டு, மேல் கல்லின் நடுவில் பித்தளை முகம் ஒன்றை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் சூலம். பஸ் ஸ்டாப்பில் பூ விற்கிறவள் கூடையோடு இடம் மாறி அங்கே வந்து உட்கார்ந்திருந்தாள்.

நான் வழக்கம்போலப் பக்கத்தில் போய்த் தோளைச் சாய்த்தேன்.

"ஏய் ஏய், எங்க வைக்கற? அம்மா மேலயா?" என்றாள் பூக்காரி.

"எந்த அம்மா?"

"சுமைதாங்கி அம்மா."

"நேத்து வரைக்கும் கல்லு."

"நேத்து நேத்தோட போச்சு. இன்னிக்கி பூசை ஆயிடுச்சி. தள்ளிப் போ, தண்ணி சொட்டுது பாரு."

கழுத்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஓடி வந்து கை கொடுத்து இறக்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்பிடி? இந்த ஊர்ல சாமின்னா எந்த ரோடும் வளைஞ்சிதாம்மா போவும். எங்க வேணாலும் பாரு. இனிமே எவன் வந்து கைய வைப்பான்?"

"நான் எங்க வைக்கறது?"

"இன்னாது?"

"கூடைய."

அவர் கல்லைப் பார்த்தார். அதை அவர்கள் யோசிக்கவில்லை. ஸ்டாண்டில் இருந்த யாருமே யோசிக்கவில்லை.

"உனுக்காகத்தானேம்மா பண்ணோம். கல்லு இருக்கணும்னு நீதான சொன்ன?"

"சொன்னேன்."

"இருக்குதா இல்லியா?"

இருந்தது. அவரே கூடையைத் தூக்கி என் தலையில் வைத்தார்.

அன்றிலிருந்து கை கேட்கிற பிழைப்பு ஆரம்பித்தது. ஸ்டாண்டில் ஆள் இருந்தால் ஓடி வருவார்கள். குறை சொல்ல முடியாது. "அம்மனுக்குப் படையல் வேணாம், எனுக்கு ஒரு கட்டு மெந்தயக் கீரை குடுத்துடு" என்று ஒருவன் சொல்வான். "அவனுக்குக் குடுக்காதே, அவன் பொண்டாட்டி சமைக்கறதில்ல" என்று இன்னொருவன் சொல்வான். சிரிக்க வேண்டும். கூடை தலையில் இருக்கும்போது சிரிக்கிறது சுலபமில்லை.

எல்லாரும் சவாரி போய்விட்டால் நிற்க வேண்டும். நின்றேன். ஒரு நாள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஒரு பையன் வந்தான். கம்பெனி டேக் கழுத்தில் தொங்கியது. நான் வாயைத் திறந்து, "கொஞ்சம் கை குடுப்பா" என்றேன். அவன் காதில் விழவில்லை. கூடையைப் பார்த்தான். "நோ ஆன்ட்டி, எங்க பிஜி ஹாஸ்டல்ல சாப்பாடு குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல பையன்தான். ஆனால் அதற்குப் பிறகு முன்பின் தெரியாத ஆளிடம் நான் வாய் திறக்கவில்லை.

இன்னொரு நாள் ஒரு பெரியவர் கை கொடுத்தார். அவருக்குக் கனம் தெரியவில்லை. அவர் பக்கம் விட்டுவிட்டார். பாதிக் கீரை சாக்கடைத் தண்ணீரில் போனது. அவர் பதறிப்போய் பொறுக்கி எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். வேண்டாம் என்றேன். சாக்கடையில் விழுந்ததை விற்க முடியாது.

மகள் சொன்னாள், "விட்டுடும்மா. எங்கயாச்சும் ஒரு இடத்துல உக்காந்து வித்துக்க."

"எங்க?"

ரோட்டோரம் முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மக்கள் நடந்த பழைய பாதையைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்று தகரத்தில் படம் போட்டு மறைத்திருந்தார்கள். தகரத்துக்குப் பின்னால் பள்ளம். நடக்க முடியாது. பஸ் ஸ்டாப்பை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். டெம்போக்காரன் நிறுத்த இடமில்லாமல் ஏரிப் பக்கம் போய்க் கூடையை என் தலையில் ஏற்றிவிடுவான். சுற்றிக்கொண்டு வருவேன். வழியெல்லாம் தூசி. கீரையை வீட்டில் இரண்டு முறை கழுவச் சொல்லி விற்றேன்.

இதற்குள் அம்மனுக்குக் கீழே டைல்ஸ் வந்துவிட்டது. பாத்ரூமுக்குப் போடுகிற நீல டைல்ஸ். யாரோ கடைக்காரர் மிச்சமிருந்ததைக் கொடுத்தார். பிறகு ஒரு சீரியல் லைட். வெள்ளிக்கிழமைகளில் கூழ்.

அப்போதுதான் ரோடு கம்பெனி ஆட்கள் வந்தார்கள். ஹெல்மெட் போட்ட ஒரு பெண், கன்னடத்தில் பேசுகிற ஒரு ஆபீசர், வெள்ளைக்காரர் ஒருவர். அந்தப் பெண் தமிழ். சேலத்துப் பக்கம். கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தாள். குனிந்து டைல்ஸுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இது என்ன கோயில்ங்க?"

"சாமி மேடம். ஐந்நூறு வருசம்" என்றார் அண்ணன்.

"டைல்ஸ் புதுசா இருக்கே?"

"சாமி பழசு. டைல்ஸ் புதுசு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இது சுமைதாங்கிதானே?" என்றாள். அண்ணன் வானத்தைப் பார்த்தார். பூக்காரி சூலத்தைத் துடைத்தாள். நான் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். கை கொடுக்க வேண்டியவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, நீங்க இதுல சுமை இறக்குவீங்களா?"

"இறக்குவேன். இப்ப இல்ல."

அவள் முகம் மலர்ந்துபோனது. வெள்ளைக்காரரைக் கூப்பிட்டு என்னவோ படபடவென்று சொன்னாள். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். என்னால் திருப்பிக் கும்பிட முடியவில்லை. இரண்டு கையும் கூடையில்.

அவள் எனக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். கடற்கரையிலிருந்து உப்பும் துணியும் மாட்டிலும் தலையிலுமாக இந்த மேட்டுக்கு ஏறி வந்ததாம். வழியெல்லாம் சுமைதாங்கியும் தண்ணீர்த் தொட்டியும் சத்திரமும் இருந்ததாம். இப்போது வெளிநாட்டு பேங்க் ஒன்று கடன் கொடுக்கிறது. ரோடு அகலமாகும், கன்டெய்னர் லாரிகள் வேகமாகப் போகும், பழைய அடையாளங்கள் எல்லாம் பாதுகாக்கப்படும், பார்க்க ஆட்கள் வருவார்கள்.

"ஒரு பழைய வியாபாரப் பாதைக்கு மறுபடியும் உயிர் குடுக்கறோம்மா."

"அது எப்ப செத்துச்சு?" என்றேன்.

நான் குத்தலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டேன். அவள் சிரித்தாள். வெள்ளைக்காரர் என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். அவரும் சிரித்தார். கன்னட ஆபீசரும் சிரித்தார். எனக்குக் கழுத்து வலித்தது.

"இறக்கி விடுங்க" என்றேன். அவளும் வெள்ளைக்காரருமாகப் பிடித்து இறக்கினார்கள். அவர் சட்டையெல்லாம் தண்ணீர். அவர் அதற்கும் சிரித்தார்.

பிறகு கேமராவைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். கூடையைத் தலையில் வைத்து, கல் பக்கம் திரும்பி, இப்படி, அப்படி. நின்றேன். இறக்குவது போல் காட்டச் சொன்னார்கள். பூக்காரி எழுந்து நின்றாள். "காட்டறதோட நிக்கணும்" என்றாள்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. பல தடவை வந்து ஸ்டாண்ட் ஆட்களோடு உட்கார்ந்து டீ குடித்துப் பேசினாள். அம்மனுக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு மாடம் கட்டித் தருவதாகச் சொன்னாள். கல்லை யாரும் எடுக்க மாட்டார்கள், அந்தச் சிவப்பு அடையாளம் எடுப்பதற்குப் போட்டதே இல்லை, பாதுகாக்கப் போட்டது என்றாள்.

அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "மின்னாடியே சொல்லக் கூடாதா மேடம்?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்போம்."

யாரும் கேட்கவில்லை. சிவப்பைப் பார்த்தார்கள், மஞ்சளைப் பூசினார்கள்.

பூசாரி ஒருவரை வரவழைத்து நாள் பார்த்து அம்மனை மாடத்துக்கு மாற்றினார்கள். பொங்கல் வைத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். சாப்பிட்டேன். அந்தப் பெண்ணிடம் போய், "கல்லைச் சும்மா வுட்டா போதும்" என்றேன்.

"கண்டிப்பாம்மா. இது உங்க கல்லு" என்றாள்.

அதை நம்பினேன். அவளும் நம்பித்தான் சொன்னாள்.

கல்லைச் சுற்றிப் பச்சைத் துணி கட்டினார்கள். உள்ளே ஆட்கள் மெதுவாகத் தேய்க்கிற சத்தம் கேட்கும். மஞ்சள், குங்குமம், எண்ணெய், சிமெண்ட், பசை எல்லாம் போக வேண்டுமே. மழை வந்தது, வேலை நின்றது. திரும்ப ஆரம்பித்தார்கள். நான் அண்ணன் கையிலும் டீக்கடைக்காரர் கையிலும் பிழைத்துக்கொண்டிருந்தேன். துணி அவிழ்கிற அன்று இதெல்லாம் முடிந்துவிடும் என்று தினமும் நினைத்துக்கொள்வேன். யாரிடமும் சொல்லவில்லை.

துணி அவிழ்ந்தது. கல் அவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. அதைச் சுற்றி நாலு பக்கமும் பளபளவென்று ஸ்டீல் தூண், தூணுக்குத் தூண் சங்கிலி. ஒரு போர்டு. கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. போர்டில் ஒரு படம், தலையில் கூடையோடு ஒரு பொம்பளை. முகத்தைக் கலைத்து வரைந்திருந்தார்கள். ஆனால் கூடையின் ஒரு பக்கம் பிய்ந்து நீலக் கயிறு போட்டுத் தைத்திருந்தது. என் கூடை.

ஒரு வாட்ச்மேனும் இருந்தார். கழுத்தில் விசில். வடக்கே எங்கேயோ இருந்து வந்தவர். நான் சங்கிலியைத் தாண்டக் காலைத் தூக்கினேன். விசில் அடித்தார்.

"நை நை, மாதாஜி. சூனா மனா ஹை." தொடக் கூடாதாம்.

நான் போர்டைக் காட்டினேன். என்னைக் காட்டினேன். கூடையைக் காட்டினேன், நீலக் கயிறு இருக்கிற பக்கமாகத் திரும்பி. அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு. கை கூப்பினார். ஆனால் சங்கிலியை அவிழ்க்கவில்லை. அவரே வந்து கூடையைப் பிடித்துத் தரையில் இறக்கி வைத்தார். பத்திரமாக, ஒரு கட்டுகூட நசுங்காமல்.

எல்லாரும் கை கொடுத்தார்கள். கல்லைத்தான் யாரும் கொடுக்கவில்லை.

அந்தப் பெண் வரும்வரை காத்திருந்து பிடித்தேன்.

"மேடம், சங்கிலி."

அவளுக்குத் தெரிந்திருந்தது. என் கண்ணைப் பார்க்கவில்லை.

"கல்லுல உள்ள ஒரு விரிசல் இருக்கும்மா. சுத்தம் பண்ணும்போதுதான் தெரிஞ்சுது. மேல வெயிட் வைக்கக் கூடாதுன்னு ரிப்போர்ட் குடுத்துட்டாங்க."

"வெயிட் வைக்கத்தான கல்லு?"

"தெரியும்மா. நானும் சொன்னேன். எனக்கு மேல இருக்கறவங்க..." என்று நிறுத்தினாள். பிறகு கையை நீட்டிக் காட்டினாள். "அங்க பாருங்க, ரெஸ்ட் எடுக்க பெஞ்ச் போட்டிருக்கோம். கிரானைட்."

பார்த்தேன். முழங்கால் உயரம்.

"அது நான் உக்கார்றதுக்கு. கூடை எங்க உக்காரும்?"

அவள் போனை எடுத்து என்னவோ எழுதிக்கொண்டாள். என் தோள் உயரத்தைக் கையால் பார்த்துக்கொண்டாள். புதிதாக ஒரு சுமைதாங்கி கட்டச் சொல்லி எழுதுகிறேன், ஆனால் டிராயிங் மாற்ற வேண்டும், கடன் கொடுத்த இடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், அடுத்த கட்டத்தில்தான் வரும் என்றாள். ஒரு கல்லின்மேல் ஒரு கல்லை வைக்கக் கடல் தாண்டிக் கேட்க வேண்டும். நான் சரி என்றேன். அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? வெயிலில் நின்று அவளும் கறுத்துப்போயிருந்தாள்.

போகும்போது கேட்டாள், "திறப்பு விழாவுக்கு வருவீங்களாம்மா? பேங்க்ல இருந்து எல்லாரும் வராங்க. அன்னிக்கு சங்கிலியை எடுத்துடுவோம். நீங்க வந்து சுமை இறக்கற மாதிரி காட்டணும்."

"கீரையோடயா?"

"இல்லம்மா. காலிக் கூடை. வெயிட் கூடாது."

"காலிக் கூடைய எதுக்கு இறக்கணும்?" என்றேன்.

நான் வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. காலையில் கீரை வாடும். அவ்வளவுதான்.

விழா அன்றும் டெம்போ வந்தது. வழக்கமான இடத்தில் நிறுத்த விடவில்லை. ரோட்டின் எதிர்ப்பக்கம் நிறுத்தி, கூடையைத் தலையில் ஏற்றிவிட்டுப் போனான். திரும்பினால் போலீஸ் கயிறு கட்டி ரோட்டை மறித்துவிட்டார்கள். கார்கள் வருகிறதாம், கடக்கக் கூடாது. பூக்கோலம், மேளம், பலூன் வளைவு. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால்தான் எனக்கு வியாபாரம்.

"சார், அந்தப் பக்கம் போவணும். பாரம்" என்றேன்.

"சும்மனே நில்லம்மா. ஐது நிமிஷா" என்றான் போலீஸ்காரன்.

சும்மா நில், ஐந்து நிமிஷம் என்பது சுமை இல்லாதவனுக்குச் சுலபம். நின்றேன். கார்கள் வந்தன. கோட்டு போட்டவர்கள் இறங்கினார்கள். சங்கிலியை எடுத்தார்கள். பட்டுப் புடவை கட்டிய சின்னப் பெண் ஒருத்தி, விழா நடத்துகிற கம்பெனியின் பெண் போலிருக்கிறது, தலையில் புது மூங்கில் கூடையோடு வந்தாள். கூடையில் பிளாஸ்டிக் இலை. கல்லுக்குப் பக்கத்தில் போய் ஒரு கையாலேயே எடுத்துக் கல்லின்மேல் வைத்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். அண்ணனும் தட்டினார். டீக்கடைக்காரரும் தட்டினார். வாட்ச்மேன்கூட விசிலை வாயில் வைத்துக்கொண்டு தட்டினார். எனக்குக் கை கொடுக்கிறவர்கள் எல்லாருடைய கையும் அந்தப் பக்கம் தட்டிக்கொண்டிருந்தது.

ஒருவர் மைக்கில் பேச ஆரம்பித்தார். சீக்கிரம் முடிகிற பேச்சாகத் தெரியவில்லை.

கழுத்துக்குப் பின்னால் ஒரு நரம்பு இழுத்தது. கண் கொஞ்சம் இருட்டியது. கூடையை அப்படியே ரோட்டில் போட்டுவிடலாம் என்று முதல் தடவையாக நினைத்தேன். பின்னால் சாய எதாவது கிடைக்குமா என்று இரண்டு அடி தள்ளினேன். முதுகில் எதுவோ இடித்தது. திரும்பிப் பார்த்தேன். ஒரு சாம்பல் நிறத் தகரப் பெட்டி. பாதைக்குப் புதிதாகப் போட்ட விளக்குகளுக்கு அதிலிருந்துதான் லைன் போகிறது. அடியில் சிமெண்ட் மேடை. பூட்டு தொங்கியது. மேலே தட்டை.

என் தோள் உயரம்.

தோளைச் சாய்த்தேன். கூடையைத் தலையிலிருந்து மெதுவாக நகர்த்தினேன். உட்கார்ந்தது. பெட்டி ஆடவில்லை. கழுத்தை இந்தப் பக்கம் திருப்பினேன். அந்தப் பக்கம் திருப்பினேன். அழுகலைக் கிள்ளினேன். பெட்டிக்குள் லைன் இருக்கிறதே என்று தண்ணீர் மட்டும் தெளிக்கவில்லை. எதிரே இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசட்டும்.

கயிறு அவிழ்த்ததும் கொஞ்சம் குனிந்து, தலையைக் கொடுத்து, நிமிர்ந்தேன். ஏறிவிட்டது. ரோட்டைக் கடந்து சந்துக்குள் போனேன். அன்றைக்குக் கொஞ்சம் வாடிய கீரைதான். விற்றது.

அதற்குப் பிறகு டெம்போக்காரனிடம் பெட்டி இருக்கிற பக்கமே இறக்கச் சொல்லிவிட்டேன். பெட்டி எனக்குப் பழகிவிட்டது. தண்ணீர் சொட்டாமல் இருக்கக் கூடைக்கு அடியில் ஒரு பாலிதீன் போட்டுக்கொள்கிறேன். லைன்மேன் ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஏனம்மா இது?" என்றார். "ஐது நிமிஷா" என்றேன். போய்விட்டார்.

கல் அந்தப் பக்கம் சங்கிலிக்குள் நிற்கிறது. பார்க்க ஆட்கள் வருகிறார்கள். போர்டோடு சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். இறக்கி வைக்காமல் போனவளுக்காக நட்டது. இப்போது அதன்மேல் யாரும் எதையும் இறக்குவதில்லை. ரோடு கம்பெனிப் பெண்ணைப் பிறகு பார்க்கவில்லை. வேறு ஊரில் வேறு ரோடு போடப் போய்விட்டாளாம். அடுத்த கட்டம் எப்போது என்று கேட்க எனக்கு ஆள் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை டெம்போவிலிருந்து கூடையை ஏற்றிக்கொண்டு வந்தால் பெட்டியின் கதவில் நடுவாக ஒரு மஞ்சள் வட்டம். வட்டத்தில் குங்குமம். பூட்டில் ஒரு முழம் கதம்பம். அண்ணன் ஆட்டோவை இந்தப் பக்கம் நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. பாத்தியா? தெனமும் நீ வைக்கற எடம். நாளைக்கி எவனாச்சும் வந்து இடிச்சிட்டான்னா? அதான்."

நான் கூடையைப் பெட்டிமேல் இறக்கினேன். பூவை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன். புடவைத் தலைப்பைக் கூடையில் நனைத்துக் குங்குமத்தைத் துடைத்தேன். மஞ்சளைத் துடைத்தேன். தகரம் தெரிகிற வரைக்கும் துடைத்தேன்.

"இன்னாம்மா பண்ற? வெள்ளிக்கெழமை அதுவுமா!"

"இது டப்பா அண்ணா. டப்பாவாவே இருக்கட்டும்."

"நல்லது பண்ணாக்கூட கோவம் உனுக்கு."

"ஆமா."

அவர் பூவைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார். பிறகு ஆட்டோ கண்ணாடியில் மாட்டினார். கூடைக்குக் கை கொடுக்க வந்தார். வேண்டாம் என்றேன். குனிந்து ஏற்றிக்கொண்டேன். பெட்டியை ஒரு தட்டு தட்டினேன். தகரம், சத்தம் கொஞ்சம் அதிகம். நடந்தேன்.